"ஏத்தா, சுகரா?"

வைகாசி, செவ்வாய்

ஊர் எழுந்திருப்பதற்குள் ஓடி முடித்துவிடலாம் என்கிற கணக்கு தாடிக்கொம்பில் பலிக்காது. ஐந்து மணிக்கே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு டெம்போக்கள் கிளம்பிவிடுகின்றன, வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கிறது. அகரம் போகிற ரோட்டில் ஒரு அம்மாச்சி கோலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஏத்தா, சுகரா? இந்த வயசுலயேவா?" என்றார்.

"ஆமா அம்மாச்சி."

எனக்குச் சுகர் கிடையாது. வந்தது நுரையீரல் காசநோய். ஆனால் சுகர் என்று சொல்ல அரை மூச்சு போதும். காசநோய் என்று வாயெடுத்தால், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தாயிற்று, சளியில் கிருமி இல்லை, உங்களுக்கு ஒட்டாது, பிள்ளையை உள்ளே கூப்பிட வேண்டியதில்லை என்பதுவரை சொல்லியாக வேண்டும். அவ்வளவு மூச்சு இப்போது என்னிடம் இல்லை. இரண்டு நிமிடம் ஓடினால் மூன்று நிமிடம் நடக்கிறேன்.

மருந்து 2024 ஐப்பசியோடு முடிந்தது. முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என நான்கு. பிறகு பைரசினமைடை நிறுத்தி மூன்று. ரிஃபாம்பிசின் உள்ளே போன முதல் நாள் சிறுநீர் செங்கல்லைக் கரைத்ததுபோலப் போனது. ரத்தம்தான் என்று நினைத்து வெலவெலத்துப் போய் பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருந்தின் நிறம் அது, அவ்வளவுதான்.

கடைசி எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே ஒரு தழும்பு. "அது இருந்துட்டுப் போகட்டும், நோய் இல்ல" என்றார் டாக்டர். ஓடலாமா என்றேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஓடுங்க. ஆனா பேச முடியாத வேகத்துல ஓடாதீங்க" என்றார். என் பயிற்சித் திட்டம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். ஜனவரியில் சென்னை மாரத்தான், 42.195 கிலோமீட்டர். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஆடி

காற்று. மேற்கே பார்த்து ஓடினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிந்துகொள்கிறேன். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும், அப்போது கொஞ்சம் வீராங்கனைபோல உணர்கிறேன். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.

வீட்டுக்காரர் மா. சுப்பிரமணியன் எழுதிய 'ஓடலாம் வாங்க' வாங்கிவந்தார். 2004-ல் விபத்தில் முழங்கால் போய், இனி ஓட்டமெல்லாம் கூடாது என்று சொல்லப்பட்ட சுப்பிரமணியன், நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியிருக்கிறார். 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சரான பிறகும் விடவில்லை. இவரைப்போலவே, நியூயார்க் மாரத்தானை நடத்திவந்த ஃபிரெட் லீபோவும் மூளைப் புற்றுநோய்க்குப் பிறகு 1992-ல் தன்னுடைய பந்தயத்திலேயே ஓடினார். அதை ஒன்பது முறை வென்ற கிரெட்டே வைட்ஸ், லீபோவின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடைசிவரை கூடவே வந்தார். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று.

சுப்பிரமணியன், லீபோ இருவரையும் எனக்குப் பிடிக்கிறது. கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. விபத்தை மேடையில் சொல்லலாம். புற்றுநோயைச் சொன்னால் எழுந்து நின்று கை தட்டுவார்கள். காசநோயைச் சொன்னால் பக்கத்து நாற்காலி நகரும்.

புரட்டாசி, சனி

சனிக்கிழமை ஓடக் கிளம்பினது எனக்கே சிரிப்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி விடிவதற்கு முன்பே வண்டிகள், துளசி மாலைக் கடைகள். தேய்பிறை அஷ்டமியில் சொர்ண ஆகர்ஷண பைரவருக்கு வரும் கூட்டம் வேறு கணக்கு. பேசாமல் செருப்பு ஸ்டாண்டில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ரங்கமண்டபத் தூண் சிற்பங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இன்றைக்கு உலகளந்த பெருமாளின் தூக்கிய காலைப் பார்த்ததும், ஊன்றி நிற்கிற மற்றக் காலின் தொடைக்கு எவ்வளவு வேலை என்றுதான் தோன்றியது. ஓட ஆரம்பித்தால் பக்தி இப்படி ஆகிவிடும்போல.

தன்வந்திரி சன்னதியில் அத்தை எனக்காக நேர்ந்துகொண்டது உண்டு. மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதமும் என் தட்டு, டம்ளரை அத்தை தனியாக வைத்ததும் உண்டு. கிருமி காற்றில் பரவுவது, தட்டில் இல்லை என்று நர்ஸ் சொல்லியும் வைத்தார். இரண்டையும் ஒரே ஆள், ஒரே பாசத்தோடுதான் செய்தார். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

ஐப்பசி, மழை

நீள ஓட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அத்தை சொல்வது ஒன்றுதான்: "சீக்கு வந்த ஒடம்பு, படுத்துத் தேத்தணும்."

அத்தை சும்மா சொல்லவில்லை. அவர் பார்த்த காலத்தில் காசநோய் என்றாலே படுக்கைதான். மதுரைக்குத் தெற்கே ஆஸ்டின்பட்டி, சென்னை என்றால் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம். மாதக்கணக்கில் காற்றோட்டமான வார்டு, பால், முட்டை, அசையாத ஓய்வு.

அந்த நம்பிக்கையை உடைத்ததும் நம் ஊர்தான். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறுபாதி அவரவர் வீட்டில், அதே நெரிசல், அதே அரைவயிற்றுச் சாப்பாடு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியக்காரர்களுக்கு நல்ல உணவும் நிறைய ஓய்வும் கிடைத்தன. 1959-ல் முடிவு வெளிவந்தது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியக் கட்டில்கள் காலியானதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

குணமாக்கியது மாத்திரை. படுக்கை இல்லை. அப்படியானால் என் ஓட்டமும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஓடி நோயை ஜெயித்தேன் என்று நாளைக்கு யாராவது மைக்கை நீட்டினால் சொல்ல மாட்டேன். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் தின்றதுதான் நான் செய்த பெரிய காரியம். குமட்டலோடு தின்றேன், அதற்கு யாரும் மெடல் தரவில்லை. ஓட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஓடுகிறேன்.

இதை அத்தையிடம் சொன்னேன். "193 பேருல எத்தனை பேரு மழையில ஓடுனாங்க?" என்று கேட்டார்.

கார்த்திகை, ஞாயிறு

வேடசந்தூர் ரோட்டில் போய்த் திரும்பி, குடகனாற்றுப் பக்கம் சுற்றி, 28 கிலோமீட்டர். மழைக்குப் பிறகு தெற்கே சிறுமலை பக்கத்தில் வந்து நின்றதுபோலத் தெளிவாக இருந்தது. வழியில் இரண்டு மலைவாழைப்பழம், உப்பு போட்ட மோர். இருபதைத் தாண்டியதும் வலது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை ஒரு நரம்பு இழுத்தது. மூச்சு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

திரும்பும்போது அம்மாச்சி வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். "சுகரு கொறைஞ்சுச்சாத்தா?"

நிற்காமல், வேகத்தையும் குறைக்காமல் சொன்னேன்: "எனக்குச் சுகர் இல்ல அம்மாச்சி, டீபி வந்துச்சு, ஆறு மாசம் கவர்மெண்டு மாத்திரை சாப்பிட்டுச் சரியாப்போச்சு, இப்ப யாருக்கும் ஒட்டாது." கடைசி வார்த்தைவரை மூச்சு வாங்கவில்லை. டாக்டர் சொன்ன வேகம் இதுதான்.

பதிலைக் கேட்க அங்கே நிற்கவில்லை. அந்தத் தைரியம் வரவில்லை.

மார்கழி

எட்டு கிலோமீட்டர் லேசான ஓட்டம் போட்டிருந்தேன். இரண்டுகூட முடியவில்லை. அம்மாச்சி ரோட்டின் நடுவிலேயே வந்து கையை நீட்டி மறித்தார். குரலைத் தாழ்த்தி, "எம் பேத்தி மூணு வாரமா இருமுறா. எளைச்சுப் போயிட்டா. மில்லுல தூசின்னு நெனச்சோம். சளி எங்கத்தா குடுக்கணும்?" என்றார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சோதனை பார்த்துவிட வேண்டும். ஷூவோடே வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்துவந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடிபோட்ட சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். எச்சில் இல்லை, ஆழமாக இழுத்து இருமி வருகிற சளி வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு மரத்தடியில் நின்று செய்து காட்டினேன். இருபத்தொரு வயது. கூச்சத்தில் அவளுக்கு வரவே இல்லை, எனக்குத்தான் இருமல் வந்தது.

மார்கழி, நான்கு நாள் கழித்து

பாசிட்டிவ். உயரம், எடை, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்தார்கள். சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு மோசம் இல்லை, வீட்டிலேயே மருந்து. நேற்று இரவு போன் செய்தேன். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே. தட்டைத் தனியாக வைத்தால் அம்மாச்சியிடம் நான் பேசுகிறேன். கவர்மெண்டு சத்துணவுப் பணம் என் காலத்தில் மாதம் 500, 2024 நவம்பரிலிருந்து 1,000, பாங்க் புத்தகத்தைக் கொடுத்து வை.

எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றவள், கடைசியில் கேட்டாள்: "வேலைக்கு எப்பக்கா போலாம்? லீவுன்னா சம்பளத்துல புடிச்சுருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம், வைகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. சனிக்கிழமை நம்பர் வாங்கப் போகிற வரிசையில் நின்றுகொண்டே அவளுடைய நர்ஸுக்குப் போன் போட்டு இதைக் கேட்க வேண்டும்.