தொட்டால் நிற்கிற மெசின்

கனடாக் குளிரில் கதவுக் கைப்பிடியைத் தொட்டு 'சுள்' என்று வாங்காத எங்கட சனம் இல்லை. ஊரில் வெறுங்காலும் கடற்காற்றுமாய்த் திரிந்த எங்களுக்கு இது புதினம். ஹீற்றர் போட்டுக் காய்ந்த அறையில், பிளாஸ்ரிக்கில் உரசி உடம்பில் ஏறுகிற மின்னேற்றம் போக வழியில்லாமல் நிற்கும். அந்தச் 'சுள்' எங்களுக்கு உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ற் வேண்டும். 5 வோல்ற்றில் ஓடுகிற மைக்ரோகொன்ரோலரின் பாட்டை யோசியுங்கோ.

நான் திருத்தவேலை செய்த பொதிகட்டும் தொழிற்சாலையில் ஒரு மெசின், குளிர் தொடங்கினால் இரவு வேலையில் நின்று நின்று ஓடும். போர்ட்டை இரண்டுதரம் மாற்றினார்கள். புதுசும் அதையே செய்தது. கடைசியில், அங்கே நிற்கிற ஆள் கண்டபடி பட்டனை அமத்துகிறார் என்று முடிவுகட்டி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தாயிற்று. அந்த ஆள் எங்கட ஆள். அறுபதை நெருங்கியவர், ஆங்கிலம் வாயில் வராது.

"தம்பி, நான் அமத்தேல்லை, தொட்டனான், அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அது போதும்.

அது ஏ.வி.ஆர். சிப். கடைசியாக ஏன் றீசெற் ஆனது என்று குறித்துவைக்கிற றெஜிஸ்ரர் ஒன்று அதில் உண்டு: மின்சாரம் விழுந்ததா, வாச்டோக் உதைத்ததா, வெளியே றீசெற் காலில் இருந்து வந்ததா என்று சொல்லும். புரோகிராம் எங்கள் கையில் இருந்தது நல்லகாலம். தொடங்கின உடனேயே அதை வாசித்துத் திரையில் காட்ட வைத்தேன். மூன்று இரவும் ஒரே பதில், றீசெற் கால். மற்றக் கால்களுக்கு உள்ளே மேலும் கீழும் காப்பு டயோட் இருக்கும். இதற்கு மேற்பக்க டயோட் இல்லை. 12 வோல்ற் கொடுத்துப் புரோகிராம் எழுத விட்ட வழி அது.

பட்டன் பலகையின் உலோகச் சட்டம் பெயின்றுக்கு மேலே பூட்டியிருந்தது, எர்த் தொடர்பே இல்லை. பிளாஸ்ரிக் சுருளை இழுத்த கையால் அவர் தொட, பொறி றிபன் கேபிள் வழியாகப் போர்ட்டுக்குள் போயிருக்கிறது. பெயின்றைச் சுரண்டி, தட்டையான பின்னல் கம்பியால் சட்டத்தை மெசின் உடம்போடு இணைத்தேன். றீசெற் காலடியில் 0.1 மைக்ரோபரட் கொண்டன்சரும் வெளி டயோட்டும் வைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க மெசின் பிறகு நிற்கவில்லை.

மேற்பார்வையாளர் புத்தகத்தில் 'திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினார். ஐயாவின் கடிதத்தைக் கோவையில் இருந்து எடுப்பிக்க இன்னும் இரண்டு மாதம் அலைந்தோம்.