முப்பது அடி பாக்கி

பல வருஷங்களாகப் பூகோளம் போதித்து வருகிறோம். எரிமலை என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டு, உச்சியில் சிறிது புகை எழுதுவோம். நமக்கும் எரிமலைக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு உபாத்தியாயராக வந்த பிறகு, ஒரு சிநேகிதர் நம்மைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றிவிட்டார். இரண்டு குளிர்காலம் சறுக்கப் பழகினோம்; விழப் பழகினோம் என்பதே உண்மை. சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, "ஸார், இன்று ஸெயின்ட் ஹெலன்ஸ்!" என்றார் அவர்.

1980-ஆம் ஆண்டு மே 18-ந் தேதி காலையில் வெடித்த மலை அது. வடபுறம் முழுதும் சரிந்தது; 57 பேர் மாண்டனர்; மலையின் உயரத்தில் சுமார் 400 மீட்டர் காணாமற் போயிற்று. மிஞ்சிய 2,549 மீட்டர் உச்சிக்குத் தென்புறமாக ஏறினோம். கட்டைகளின் அடியில் ரோமப் பட்டைகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் கட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அப்படியே ஏழு மணி நேரம், 1,700 மீட்டர் ஏற்றம்!

உச்சியில் வெண்பனி மேடு ஒன்று தெரிந்தது. அதற்கப்பால் எரிமலையின் வாய். ஆவலுடன் விரைந்தோம்.

"ஸார், நில்லுங்கள்!" என்று சிநேகிதர் கூவினார். "அது மலை அல்ல, வெறும் பனி!"

காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனி, பாறை விளிம்பையும் தாண்டி வீட்டின் இறவாரம்போல் வெளியே நீண்டு நிற்குமாம். மேலே நிற்பவனுக்கு அது தரையாகத் தோன்றும், அடியிலோ ஆகாயம். 2010-ஆம் ஆண்டு, அத்தகைய பனி உடைந்து, உச்சிக்கு வந்த ஒருவர் உள்ளே விழுந்து இறந்திருக்கிறார்.

இன்னும் முப்பது அடிதான் பாக்கி. கால் போகச் சொல்லிற்று. சிநேகிதர் முகத்தைப் பார்த்தோம். திரும்பிவிட்டோம். வெயிலில் இளகிய பனியில் ஏழு மணி நேர ஏற்றத்தை ஒன்றரை மணியில் இறங்கினோம். மூன்று முறைதான் விழுந்தோம்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "எரிமலையின் வாயைப் பார்த்தீர்களா?"

"இல்லை" என்றோம். எல்லோர் முகத்திலும் ஏமாற்றம். பிறகு கரும்பலகையில் முக்கோணம் போட்டோம். இம்முறை புகை எழுதவில்லை. விளிம்புக்கு வெளியே நீண்ட அந்த இறவாரத்தை எழுதி, நாம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தோம். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.