எறும்புபோல எல்லை தாண்டும் துப்பாக்கிகள்

2012 பிப்ரவரி மாதம். மெக்ஸிகோவின் வட எல்லையில் இருக்கும் சியுடாட் ஹுவாரெஸ் நகரத்துக்கு வந்த அன்றைய அதிபர் ஃபெலிப்பே கால்டரோன், எல்லைப் பாலத்துக்கு அருகே ஒரு பெரிய அறிவிப்புப் பலகையைத் திறந்துவைத்தார். பறிமுதல் செய்த துப்பாக்கிகளை நசுக்கிச் செய்த எழுத்துகள். எடை மூன்று டன். ‘இனி ஆயுதங்கள் வேண்டாம்’ என்பது வாசகம். ஸ்பானிஷ் பேசும் நாட்டில் அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பலகையும் ஊரைப் பார்த்து நிற்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமெரிக்காவைப் பார்த்து நின்றது.

தன் ஊரில் விழும் பிணங்களுக்காக ஒரு நாடு பக்கத்து நாட்டிடம் ஏன் முறையிட வேண்டும்?

மெக்ஸிகோவில் துப்பாக்கிச் சட்டம் தளர்வானது என்று நினைத்துவிட வேண்டாம். தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டு அரசியல் சாசனம் தருகிறது. ஆனால், அதை வாங்குவதற்குப் பல ஆண்டுகளாக நாடு முழுவதற்கும் ஒரே ஒரு கடைதான் இருந்தது. தலைநகரில், ராணுவ வளாகத்துக்குள். பிறகு வடக்கே இன்னொன்று வந்தது. இரண்டையும் நடத்துவது ராணுவமே. குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ், வேலை பார்ப்பதற்கான அத்தாட்சி என்று ஒரு கட்டுக் காகிதங்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி இருந்தும், 2018 முதல் பல ஆண்டுகள் அங்கே ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் கொலையானார்கள். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள். பிடிபட்ட துப்பாக்கிகளில், எங்கிருந்து வந்தவை என்று கண்டறிய அமெரிக்க அதிகாரிகளிடம் தரப்பட்டவற்றில் சுமார் 70 சதவிகிதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆண்டுக்கு இரண்டு லட்சம் துப்பாக்கிகளாவது எல்லை தாண்டி வருகின்றன என்கிறது மெக்ஸிகோ அரசு.

எப்படி வருகின்றன? சினிமாவில் காட்டுவதுபோல லாரி லாரியாக அல்ல. மெக்ஸிகோ மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘எறும்புக் கடத்தல்’. குற்ற வழக்கு எதுவும் இல்லாத ஒருவர் டெக்ஸஸிலோ அரிஸோனாவிலோ கடைக்குப் போகிறார். தனக்குத்தான் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்து இரண்டு துப்பாக்கிகள் வாங்குகிறார். உண்மையில் அவர் வெறும் பினாமி. நிலத்துக்கு மட்டும்தான் பினாமி என்று இல்லையே! வாங்கியது கைமாறி, கார் கதவின் உட்புறத்திலோ சீட்டுக்கு அடியிலோ ஒளிந்து தெற்கே போகிறது. ஒருவர் இரண்டு, இன்னொருவர் மூன்று. எறும்பு சர்க்கரையைக் கொண்டுபோவது போலத்தான்.

இரு நாடுகளுக்கும் நடுவே சுமார் 3,100 கிலோமீட்டர் எல்லை. வடக்கே போகிறவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். பெட்டி சோதனை, மோப்ப நாய், கேள்விக்கு மேல் கேள்வி. தெற்கே வருகிறவர்களுக்கோ மெக்ஸிகோ சுங்கச் சாவடியில் ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் சோதனை, பச்சை எரிந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் பச்சைதான். எல்லைக் கட்டுப்பாடு என்று நாம் தினமும் செய்தியில் கேட்பதெல்லாம் வடக்கே போகும் மனிதர்களையும் போதைப்பொருளையும் பற்றியது. தெற்கே போகும் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு குறைவு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 2010-ல் ஹுவாரெஸில் 3,000-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அதே ஆண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அமெரிக்க நகரமான எல் பாஸோவில் நடந்த கொலைகள் ஐந்தே ஐந்து. துப்பாக்கி தாராளமாகக் கிடைப்பது எல் பாஸோவில்தான். அப்படியென்றால் குற்றம் துப்பாக்கியின் மேல் இல்லையே?

பாதி உண்மை. போதைப்பொருள் கும்பல்களின் சண்டை, விலைபோன போலீஸ், தண்டனையே கிடைக்காத கொலைகள் என்று அங்கே பல காரணங்கள் உண்டு. அடுப்பில் ஏற்கெனவே நெருப்பு இருந்தது. ஆனால், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம் அல்லவா?

அதற்குப் பதில் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. ராணுவ பாணியிலான சிலவகைத் துப்பாக்கிகளை விற்க அமெரிக்கா முழுவதும் இருந்த தடை 2004-ல் காலாவதியானது. டெக்ஸஸ், அரிஸோனா, நியூ மெக்ஸிகோ மாநிலங்களில் அவை மீண்டும் விற்பனைக்கு வந்தன. கலிஃபோர்னியாவில் மட்டும் மாநிலச் சட்டம் தனியாக இருந்ததால் தடை நீடித்தது. பொருளாதார ஆய்வாளர்கள் எல்லைக்குத் தெற்கே உள்ள ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடை போன மாநிலங்களை ஒட்டிய மெக்ஸிகோ ஊர்களில் துப்பாக்கிக் கொலைகள் கூடியிருந்தன. கலிஃபோர்னியாவை ஒட்டிய ஊர்களில் அப்படிக் கூடவில்லை. வேறொரு நாட்டின் சட்டம் மாறியதற்கு இந்த நாட்டின் தாய்மார்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவை இதோடு வைத்துப் பாருங்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டே வாரத்துக்குள் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே சட்டத்துக்குச் சம்மதிக்கவைத்தார். அரசு பணம் கொடுத்து சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து வாங்கி அழித்தது. அதன் பிறகு அங்கே துப்பாக்கிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. சட்டம் நல்ல சட்டம். அதோடு, சுற்றிலும் கடல். மெக்ஸிகோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலகிலேயே பெரிய துப்பாக்கிச் சந்தை அதன் வாசலில் இருக்கிறது.

2017 மார்ச்சில் சிவாவா நகரில், பத்திரிகையாளர் மிரோஸ்லாவா பிரீச் தன் வீட்டு வாசலிலேயே காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லக் கிளம்பிய நேரம் அது. அவரைக் கொல்லப் பயன்பட்டது, மெக்ஸிகோ புரட்சி வீரர் எமிலியானோ சப்பாட்டாவின் பெயரில் அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்ற கைத்துப்பாக்கி என்று மெக்ஸிகோ அரசு நீதிமன்றத்தில் சொன்னது. 2021-ல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள்மீது அது தொடுத்த வழக்கு அது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. துப்பாக்கி நிறுவனங்களைப் பாதுகாக்க 2005-ல் இயற்றிய சட்டம் குறுக்கே நின்றது.

மெக்ஸிகோவில் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குலியகான் நகரில் பெட்ரோ ரேயஸ் என்ற கலைஞர், துப்பாக்கியைக் கொடுத்தால் வீட்டு உபயோகப் பொருள்களுக்கான கூப்பன் என்று அறிவிக்கவைத்தார். 1,527 துப்பாக்கிகள் வந்தன. அவற்றை உருக்கி 1,527 மண்வெட்டிகள் செய்து, அவற்றால் மரக்கன்றுகள் நட்டார்கள். 2025-ல் அரசும் தேவாலய வளாகங்களில் பணம் கொடுத்துத் துப்பாக்கிகளை வாங்கத் தொடங்கியது.

பாராட்ட வேண்டிய காரியங்கள்தான். ஆனால், 1,527 எங்கே, இரண்டு லட்சம் எங்கே? அமெரிக்கா 2022-ல் பினாமியாகத் துப்பாக்கி வாங்குவதைத் தனிக் குற்றமாக்கியது நல்ல தொடக்கம். தெற்கே போகும் வண்டிகளையும் வடக்கே போகும் வண்டிகளைப்போலவே சோதித்தால் இன்னும் நல்லது. கடுமையான சட்டம் துப்பாக்கிச் சாவைக் குறைக்கும்; எல்லைக் காவலும் குறைக்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று ஒரு கை ஓசைதான். மெக்ஸிகோ தன் கையை நீட்டி வெகுகாலம் ஆகிறது.