கட்ச் பாலையில் ஒரு பகல்

மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றுவதற்கு முன் அதிலுள்ள பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பிறகு சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டிப் பார்சல் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் குழுவில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகமும் சேர்ந்திருந்தபடியால் இவற்றில் தடுமாற்றம் நேரவில்லை. 2024 ஜனவரி இறுதியில் குடியரசு தின விடுமுறையை உத்தேசித்து, பாந்த்ரா டெர்மினஸில் மாலையில் புறப்படும் கட்ச் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலை பூஜ் நகரம் சேர்ந்தோம். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பேட்டைகளையும் சேர்ந்த எழுவர், வண்டிகளும் ஏழு.

அவற்றுள் ஆறு கனத்த வண்டிகள். பெரும்பாலானவை, 1955-இல் சென்னையில் தொழில் தொடங்கிய என்ஃபீல்டின் புல்லட்டுகள். ஏழாவது 110 சி.சி. சிறு வண்டி. அதற்கு உடையவர் தாராவித் தம்பி; வீடு வீடாக உணவு கொண்டுசேர்ப்பது அவர் தொழில். மாதத் தவணையில் வாங்கிய வண்டி. பாதித் தவணை இன்னும் பாக்கி. "வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேருங்கள், அதுதான் எங்கள் அடுப்பு" என்று அவர் தாயார் எங்களை வழியனுப்பினார். ஆகவே சிறு வண்டி முன்னே செல்லும், மற்றவை அதன் வேகத்தை மீறுவதில்லை என்று தீர்மானித்தோம்.

பாலை என்றவுடன் நம்மவர் மனத்தில் மணற்குன்றும் ஒட்டகமும் தோன்றும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் நிலை திரிந்தால் அதுவே பாலை என்பர் நம் முன்னோர். கட்சிலுள்ள ரண்ணோ நெய்தல் திரிந்த பாலை! முன்னொரு காலத்துக் கடற்கழி. மழைக்காலத்தில் நீர் பரவிக் கிடக்கும், வற்றியபின் உப்பாய் வெளுக்கும்.

சனிக்கிழமை விடியலில் பூஜிலிருந்து வடக்கே புறப்பட்டோம். பிரண்டியாரா கிராமத்தில் விற்கும் மாவா என்னும் பால் பண்டத்தை உண்ட மாதுங்கா அன்பர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு இது தம்பி முறை என்று தீர்ப்புக் கூறினார். அதற்கப்பால் தார்ச்சாலையை விட்டுப் பன்னிப் புல்வெளியின் வண்டித்தடங்களில் இறங்கினோம். வழியெங்கும் நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேல்! உப்பு நிலம் பரவாதிருக்க 1960-களில் வனத்துறையார் இங்கே பயிரிட்டது, புல்லையே விழுங்கிவிட்டது. பைத்தியக்கார வேலமரம் என்று பொருள்படும் பெயரால் இவ்வூரார் அதை அழைக்கின்றனர். அதன் முள் இரண்டு சக்கரங்களைப் பதம் பார்த்தது. இரண்டையும் ஒட்டியவர் தாராவித் தம்பியே.

மணலில் வண்டியோட்டும் முறை வேறு. சக்கரத்தில் காற்றைச் சிறிது குறைத்து, மிதியில் எழுந்து நின்று, முன் பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். அஞ்சி வேகத்தை அறுத்தால் முன்சக்கரம் புதைந்து ஆள் விழுவது நிச்சயம். எழுவரும் விழுந்தோம், எண்ணிக்கை வேண்டாம்.

நண்பகலில் ரண்ணின் விளிம்பை அடைந்தோம். எருமை மேய்த்துக்கொண்டிருந்த மால்தாரி முதியவர் ஒருவர் கையசைத்து, மேலே போகாதீர்கள் என்று தடுத்தார். ஜீப்பின் பழைய தடத்தைக் கண்ட செம்பூர் அன்பர் மட்டும் ஐம்பது கஜம் சென்றார். மேலே பளிங்கு போன்ற உப்பு, கீழே கருஞ்சேறு. 190 கிலோ வண்டி அச்சுவரை அமிழ்ந்துவிட்டது.

"தம்பி, உன் வண்டி இலேசு, உப்பின் மேல் நிற்கும். கயிறு கட்டி இழுத்துப் பாரேன்" என்றார் அவர். தம்பி கயிற்றைப் பார்த்தார். தம் வண்டியைப் பார்த்தார். பெரியவர் கேட்கும்போது மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. "சரி அண்ணாச்சி" என்று சாவியை எடுத்தும் விட்டார். மாதுங்கா அன்பர் அந்தச் சாவியை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். "கிளச்சுத் தட்டு கருகினால் இவர் வீட்டுச் சோற்றுப் பானையை யார் ஏற்றுவது? ஏழு பேருக்குப் பதினான்கு கைகள் இருக்கின்றன" என்றார். செம்பூர் அன்பர் முகம் சுருங்கிற்று. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பிறகு தம்பி சொன்ன யோசனைப்படி வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சக்கரம் இருந்த குழியில் கருவேலங்கிளைகளை வெட்டி நிரப்பி, நிமிர்த்தி, அடி அடியாகத் தள்ளினோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோக, அம்முதியவர் தூக்குப்பாத்திரம் நிறைய மோர் கொடுத்தார். பணத்தைத் தொடவும் மறுத்துவிட்டார்.

காவ்டா ஊரைத் தாண்டி, ரண்ணின் குறுக்கே போட்டுள்ள நெடுஞ்சாலையில் ஏறினோம். இருமருங்கிலும் வானம் தொடும்வரை வெள்ளை. அஸ்தமனத்தில் அது செம்மையாகிப் பின் நீலமாயிற்று. இருட்டிய பின்னரே தோலாவீரா சேர்ந்தோம். மன்சர், மன்ஹர் என்னும் இரு மழையோடைகளுக்கு இடையே, சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த ஹரப்பா காலத்து நகரம் அது. 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்த ஓடைகளை அணையிட்டு மறித்து நீரைத் தேக்கிய குளங்களை மறுநாள் காலையில் பார்ப்பதாக இருந்தோம்.

உப்பு இரும்பைத் தின்னும். தங்கிய வீட்டில் இரண்டு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் ஏழு வண்டிகளையும் துடைத்தோம். சிறு வண்டியை முதலில் துடைத்தவர் செம்பூர் அன்பர்.