மூன்று நாள்

அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து நயாகரா ஆற்றைத் தாண்டினால் கனடாவின் ஃபோர்ட் ஈரி. நடுவிலே 1927இல் திறந்த சமாதானப் பாலம். பாலம் இறங்கினால் எல்லை மண்டபம். 2023 கோடையில் ஒரு புதன்கிழமை, அக்காவின் மகனுடைய வேலை அனுமதிக்காக அவனோடு அங்கே காத்திருந்தேன். கைபேசி எடுக்கக்கூடாது. பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

முன் கதிரையில் ஓர் அமெரிக்கர். ஐம்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கறுப்புக் கோட்டைக் கசங்காமல் இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். பக்கத்தில் பத்து வயது மகள்.

அழைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. 2019இல் என்ன நடந்தது என்று கேட்டார். அவர் தாழ்ந்த குரலில் சொன்னது கண்ணாடியைத் தாண்டவில்லை. இரண்டாம் முறை உரத்துச் சொன்னார்: குடித்துவிட்டுக் கார் ஓட்டினேன். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. மகள் கோட்டு உறையில் ஒட்டியிருந்த சலவைக்கடைத் துண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

முந்தி என்றால் இப்படி ஒரே ஒரு குற்றம், தண்டனை முடிந்து 10 வருடம் போனால் தானாகக் கழிந்துவிடும். 2018 டிசம்பர் 18இல் கனடா சட்டத்தை இறுக்கியது. போதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 ஆனது. அதற்குப் பிறகு நடந்ததைக் காலம் கழுவுவதில்லை. திருந்திவிட்டேன் என்று விண்ணப்பிக்கவும் தண்டனை முடிந்து 5 வருடம் ஆகவேண்டும். அவருக்கு அதுவும் ஆகவில்லை. மிஞ்சியது ஒரு வாசல்: தற்காலிக வதிவிட அனுமதி. வரத் தகுதியில்லாதவரை, வரவேண்டிய காரணம் அவரால் வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரிதாயிருந்தால், குறித்த நாளுக்கு உள்ளே விடும் கடதாசி. நிறுத்துப் பார்ப்பவர் மேசையில் இருக்கும் அந்த ஒரு மனிதர்.

முன்பு இதை மந்திரியின் அனுமதி என்பார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள் முதலில் கனடாவில் தங்கியதும் வேலை தேடியதும் அப்படியொரு அனுமதியில்தான். அதனால் இந்தக் கடதாசியை வெறும் தாளாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அந்த அமெரிக்கர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நீதிமன்றத் தாள், தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டு, வகுப்புக்குப் போய் முடித்த சான்று. கடைசியாக, ஹமில்டனில் வெள்ளிக்கிழமை நடக்கும் இறுதிச் சடங்கின் அறிவித்தல். அவருடைய தாயார். மற்றத் தாள்களை வேகமாகத் தள்ளிய கை இதை மட்டும் மெதுவாகத் திருப்பி, எழுத்து அதிகாரியின் பக்கம் நேராக இருக்கும்படி வைத்தது.

அதிகாரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் அடுத்த மேசையில் ஒரு லொறிச் சாரதியைத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கும் ஒரு கடதாசி கிடைத்தது. கனடாவை விட்டு நீங்க அனுமதிக்கப்பட்டவர் என்பது அந்தப் படிவத்தின் பெயர். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தார்.

அரை மணித்தியாலம் கழித்து அதிகாரி வந்தார். பணம் கட்டச் சொன்னார். 200 டாலர். கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத பணம். அவர் அட்டையைக் கொடுத்துவிட்டு அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மகள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

சனிக்கிழமை வரைக்கும், என்றார் அதிகாரி. தாயாரைப் பற்றியும் மெதுவாக ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.

அவர் தாளை வாங்கித் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் போகும்போது எங்கே நிறுத்தவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும் என்று கேட்டார். அதிகாரி சொன்னார். இன்னொரு தரம் கேட்டார். அதிகாரி ஒரு துண்டுக் கடதாசியில் பாலத்தையும் வழியையும் பேனையால் கீறிக் கொடுத்தார். கோட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டை அவர் கையில் வைத்துக்கொண்டார்.