சார்ஜாவின் இரும்புக் கடைவீதி

வளைகுடா என்றதும் நம் இல்லங்களில் அத்தரும் பேரீச்சம்பழமும் தங்கக் கடைவீதியும்தாம் நினைவுக்கு வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் வியர்வை சிந்தும் மற்றொரு கடைவீதியை எவரும் புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. துபையை ஒட்டிய சார்ஜாவில், அங்குள்ளோர் ‘சனாயா’ என்றழைக்கும் தொழிற்பகுதியில் உள்ள பழைய வாகன உதிரிபாகச் சந்தையைத்தான் சொல்கிறேன். அமீரகம் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால், உயர்ந்த கோபுரங்களைப் பார்த்த பிறகு ஒரு முற்பகலை இதற்கும் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். ஜும்ஆ முடியும்வரை அங்கே பூட்டிய கதவுகளைத்தான் காண்பீர்கள்.

எண்ணெய் குடித்துக் கறுத்த மணல். அதன் மேல் வரிசை வரிசையாக எஞ்சின்கள். ஜப்பானிலிருந்து பெட்டகங்களில் வந்திறங்கும் வாகனங்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் அவற்றை அந்நாட்டுச் சாலையில் ஓட்ட இயலாது. ஆகவே முன்பாதி தனியாக அறுக்கப்பட்டே பல வருகின்றன. பட்டாணியர், மலையாளிகள், ஆப்பிரிக்க வணிகர்கள், நம் தமிழர்கள் என எல்லோரும் உடைந்த அரபியிலும் உருதுவிலும் விலை பேசுகின்றனர். பாங்கொலி கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கறை படிந்த கைகளைத் தேய்த்துக் கழுவும் காட்சி மனத்தைத் தொடுவது.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே எஞ்சின் பிரித்துக் கோக்கும் பணியில் இருக்கிறார். அரபு இலக்கணம் அவருக்கு அவ்வளவாக வசப்பட்டதில்லை. இரும்பின் இலக்கணம் நன்றாகவே வசப்பட்டிருக்கிறது. அவரிடம் நான் கற்ற பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, எஞ்சினுக்கு டர்போ அப்படி. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், வலிமை கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வலிமையோடு வெப்பமும் அழுத்தமும் கூடுகின்றன என்பதில்தான் சிக்கலெல்லாம். டர்போவுக்கென்றே செய்த எஞ்சின் அதைத் தாங்கும். தானே காற்றை இழுத்துக்கொள்ளும் சாதாரண எஞ்சினுக்குப் பிற்பாடு டர்போ பூட்டினால், அது எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து பூட்ட வேண்டும்.

அந்த ஊரில் இதற்கு ஏன் இத்தனை தேவை என்று கேட்பீர்கள். விடுமுறை மாலையில் சார்ஜாவின் பதாயர் மணற்குன்றுகளுக்குப் போனால் விளங்கும். இளைஞர்கள் நிசான் பேட்ரோல் வண்டிகளை மணல்மேட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதன் 4.8 லிட்டர் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து டர்போ இன்றியே வந்தது. டர்போ இருந்தால் பிற்பாடு பூட்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால் அதில் ஏமாற்று குறைவு.

ஏமாற்றுக்கு இடம் தருவது டொயோட்டாவின் 2 ஜே.இசட். எஞ்சின். ஆறு சிலிண்டர், 2997 சி.சி.; ஜி.ஈ., ஜி.டி.ஈ. ஆகியவை அதன் வகைகளுள் அடங்கும். ‘டி’ என்பதே டர்போவைக் குறிக்கும் எழுத்து. டர்போ வகைக்கு விலை பன்மடங்கு. முன்னெழுத்துகள்தாம் எஞ்சின் குடும்பத்தின் பெயர். பின்னெழுத்துகள் ஹெட்டையும் மேலே பூட்டியவற்றையும் பற்றியவை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் பிளாக்கை மட்டும் நிறுத்தினால் புறத்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

“ஹஜ்ரத், வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். உள்ளே கையை விட்டாத்தான் தெரியும்” என்றார் மாணவர். பிளாக்கைக் கவிழ்த்து விளக்கடித்துக் காட்டினார். டர்போ வகையில் ஒவ்வொரு சிலிண்டரின் அடியிலும், பிஸ்டனின் அடிப்பாகத்தில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு குழாய் உண்டு. மற்றதில் இல்லை. பிஸ்டனும் வேறு: டர்போ வகையின் அமுக்க விகிதம் 8.5; மற்றதில் 10. ஆகவே மாற்றுவோர் பிஸ்டனை மாற்றுவர். அல்லது தடித்த ஹெட் கேஸ்கெட் வைத்து விகிதத்தைக் குறைப்பர். டர்போவுக்குப் போய்வரும் எண்ணெய் திரும்பி விழ, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் துளையிட்டு ஒரு குழாய்மூட்டைப் பற்றவைப்பதும் உண்டு. முறையாகச் செய்து, காற்றழுத்தத்தை அளவோடு வைத்தால் சாதாரண வகையும் நன்றாகவே உழைக்குமாம்.

கையை விட்டால்தான் தெரியும் என்றதும், கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நம் நாயகம் (ஸல்) அவர்களின் நினைவு எனக்கு வந்தது. விரல்களில் ஈரம் பட்டது; மழையில் நனைந்தது என்றார் வணிகர்; மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தச் செய்தியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கிரீஸ் வாடையோடு அதை நினைத்தது அன்றுதான்.

அன்று தான்சானியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பயணிகளை ஏற்றும் லேண்ட் குரூசருக்கு 1 எச்.இசட். டீசல் எஞ்சின் வேண்டுமென்றார். 1990-இல் வந்த வகை, 4164 சி.சி.; டர்போ இல்லாதது; ஆப்பிரிக்காவின் மண்பாதைகளில் பெயர் பெற்றது. அதே ஆண்டில் வந்த அதன் உடன்பிறப்பான 1 எச்.டி.-டி. டர்போ உள்ளது. அளவு ஒன்றே, உள்ளமைப்பு வேறு. 1 எச்.இசட்.டில் டீசல் முதலில் ஹெட்டிலுள்ள ஒரு சிற்றறையில் எரியும். அமுக்க விகிதமும் 22-க்கு மேல். அதில் டர்போவைப் பூட்டிக் கடுமையாக ஓட்டினால் அந்தச் சிற்றறை ஓரத்தில் ஹெட் வெடிப்பு விடும், பிஸ்டனும் விரியும். ஊரிலிருந்து நூறு மைல் தள்ளி, ஏழெட்டுப் பயணிகளோடு அது நின்றுபோவதை எண்ணிப் பாருங்கள்.

கடையில் அவ்வகை எஞ்சின்கள் இரண்டு இருந்தன. பளபளவென்று வண்ணம் பூசிய ஒன்றைப் பெரியவர் தடவிப் பார்த்தார். என் மாணவர் அதன் எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தை விரலால் வருடி, பிறகு கத்தியால் வண்ணத்தைச் சுரண்டினார். வட்டமாகப் பற்றவைத்து அடைத்த வடு தெரிந்தது. யாரோ டர்போ வைத்து ஓட்டிக் கழற்றிவிட்டு, தொடாத எஞ்சின்போல் விற்றிருக்கிறார்கள். கடைக்கும் அப்படியேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலாளி உள்ளேதான் இருந்தார், பட்டாணியர். பெரியவர் முன்னிலையில் வடுவைக் காட்டியதும் அவர் முகம் சுருங்கியது. என் மாணவர் விசாவும் சம்பளமும் அவர் கையில். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முதலாளி மற்றொரு எஞ்சினை இழுத்துவரச் சொன்னார். அது வண்ணமற்றுத் துருவேறியிருந்தது. ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார். பெரியவர் அதையே வாங்கிக்கொண்டார்.

அஸர் தொழுதுவிட்டு நாங்கள் திரும்பியபோது, வடுவுள்ள எஞ்சின் கடையின் முன்வரிசைக்கு வந்திருந்தது. வண்ணம் முழுவதும் சுரண்டப்பட்டு, பற்றவைத்த பக்கம் தெருவை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.