ஹட்டனில் இரக்கத்தின் ஞாயிறு

நாவலப்பிட்டியைக் கடந்து புகையிரதம் மலையேறியதும், இருமருங்கிலும் தேயிலைப் பசுமை விரிகின்றது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று, ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்தில் பூசை காணச் சென்றோம். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இந்நாளை இறை இரக்கத்தின் ஞாயிறு என அறிவித்தார்.

அச்சத்தால் கதவடைத்திருந்த சீடர் நடுவே இயேசு தோன்றிச் சமாதானம் அருளியதே அன்றைய சுவிசேஷம். கேட்கையில் 2019 நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நாட்டின் ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த வாரம், இதே இரக்கத்தின் ஞாயிறன்று, பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன. கொழும்புப் பேராயர் தம் இல்லத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியிலேயே கண்டனர்.

இன்றோ கதவுகள் திறந்திருக்கின்றன. பூசை முடிந்தபின் முற்றத்தில் ஒரு மூதாட்டி அரிசிப் பொதியுடன் நின்றார். லயத்தில் காலொடிந்து கிடக்கும் அயல்வீட்டுப் பெண்ணுக்காம். கொழுந்து பறிக்கப் போகாவிடில் அந்நாளுக்குப் ‘பேர்’ இல்லை, சம்பளமும் இல்லை.

“அவரும் இக்கோவிலைச் சேர்ந்தவரா?” என வினவினோம்.

“இல்லைங்க, அவ மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. போன மாசம் நான் காய்ச்சலாக் கிடந்தப்போ கஞ்சி வச்சுத் தந்தது அவதாங்க.”

அன்றைய பிரசங்கம் முழுவதும் அப்பொதியில் அடங்கியிருக்கக் கண்டோம்.